உம்மாவுக்கு விளங்காத செயலி: தவறு யாருடையது?

“எனக்கு இந்தப் போன் வேலையெல்லாம் விளங்காது மகன், நீங்களே செஞ்சி தாங்க.” எமது வீடுகளில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. மின்கட்டணம் செலுத்துவது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது, வைத்தியரைச் சந்திக்க இலக்கம் எடுப்பது, அரச அலுவலகத்துக்கு விண்ணப்பிப்பது என்று ஒவ்வொன்றாகக் கைத்தொலைபேசிக்குள் வந்துகொண்டிருக்கின்றன. அந்தத் திரைகளைக் கண்டு பின்வாங்குபவர்களைப் பார்த்து, “வயதாகிவிட்டது”, “படிப்பு போதாது” என்று நாம் இலகுவாகத் தீர்ப்பு வழங்கிவிடுகிறோம்.

ஆனால் அதே உம்மா, கட்டாரில் இருக்கும் மகனுக்குத் தினமும் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். மகன் அதைக் கேட்டுவிட்டானா என்பதையும் பார்த்துச் சொல்கிறார். இதற்காக அவருக்கு யாரும் வகுப்பு நடத்தவில்லை. ஒரே போனில் ஒரு செயலி விளங்குகிறது, இன்னொன்று விளங்கவில்லை என்றால் வித்தியாசம் உம்மாவிடம் இல்லை. அது அந்தச் செயலிகள் வடிவமைக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது.

செயலிகளினதும் இணையத்தளங்களினதும் திரைகளை வடிவமைப்பதே எனது தொழில். எமது பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் ஸகாத் நிதியங்களும் தமக்கென இணையத்தளங்களையும் செயலிகளையும் உருவாக்கத் தொடங்கியுள்ள இக்காலத்தில், இத்துறையின் அடிப்படைகளை எல்லோரும் ஓரளவு அறிந்திருப்பது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன்.

இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விடயமன்று. விளங்காத திரை ஒரு மனிதரை இன்னொருவரில் தங்கியிருக்க வைக்கிறது. உம்மா தன் வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்கிறார். கணவர் அனுப்பிய பணம் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு ஒரு சகோதரி கொமியூனிகேஷன் கடையில் போனையே கொடுத்துவிடுகிறார். குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. இலக்கத்தையும் வாசித்துக் காட்டுகிறார். கடைக்காரர் நல்லவராக இருக்கலாம். ஆனால் கேட்பவருக்கெல்லாம் அந்த இலக்கத்தைச் சொல்லும் பழக்கம்தான் மோசடிக்காரர்களுக்கும் வேண்டியிருக்கிறது.

விமானியின் தவறா, நெம்புகோலின் தவறா?

இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்காவின் பி-17 ரக குண்டுவீச்சு விமானங்களில் ஒரு வினோதமான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர், விமானிகள் இறக்கைத் தட்டுகளை மடிப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடித்துவிட்டார்கள். விமானம் ஓடுபாதையில் வயிற்றோடு விழுந்தது. “விமானியின் தவறு” என்றே அறிக்கைகள் எழுதப்பட்டன.

இதை ஆராய்ந்த உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ் விமானிகளை விட்டுவிட்டு விமானி அறையைப் பார்த்தார். சக்கரத்துக்கான கட்டுப்பாடும் இறக்கைத் தட்டுக்கான கட்டுப்பாடும் அருகருகே, பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தன. களைத்துப்போன கை ஒன்றைத் தேடும்போது மற்றையதைப் பிடித்துவிடுகிறது. ஒன்றின் முனையில் சிறிய சக்கர வடிவத்தையும் மற்றையதன் முனையில் இறக்கை போன்ற வடிவத்தையும் பொருத்தினார். கையால் தொட்டாலே எது எதுவென்று தெரிந்தது. இன்றைய பயணிகள் விமானங்களிலும் அந்த நெம்புகோலின் முனை சக்கர வடிவிலேயே இருக்கிறது.

எமது துறையின் முதலாவது பாடம் இதுதான். ஒரே தவறைப் பலர் செய்தால், அந்த மனிதர்களைத் திருத்த முன்னர் பொருளைத் திருத்த வேண்டும்.

திரை வேறு, அனுபவம் வேறு

யூ.ஐ., யூ.எக்ஸ். என்ற இரண்டு சொற்களை இளைஞர்கள் அடிக்கடி பாவிக்கிறார்கள். முதலாவது பாவனையாளர் இடைமுகம்: கண் பார்க்கும் எழுத்து, நிறம், விரல் தொடும் பொத்தான். இரண்டாவது பாவனையாளர் அனுபவம்: ஒருவர் ஒரு தேவையோடு வந்து, அது நிறைவேறிப் போகும் வரை அவருக்கு நடக்கும் எல்லாம். டொனால்ட் நோர்மன் என்ற அறிஞர் 1990களில் அப்பிள் நிறுவனத்தில் பணியாற்றியபோது இரண்டாவது சொல்லைப் பிரபலப்படுத்தினார்.

வித்தியாசம் விளங்க ஓர் உதாரணம். வட்ஸ்அப் குழுக்களில் வரும் ஜனாஸா அறிவித்தலை எடுத்துக்கொள்வோம். பின்னணியில் பூ, மேகம், அலங்கார எழுத்து என்று அழகாகத்தான் இருக்கும். கீழே, “இன்று அஸர் தொழுகையின் பின் நல்லடக்கம்” என்று இருக்கும். எந்தத் திகதியின் “இன்று”? இரண்டு நாள் கழித்து வேறொரு குழுவில் அதைப் பார்த்த தூரத்து உறவினர் பஸ் ஏறிவிடுகிறார். இடைமுகம் அழகு, அனுபவம் தோல்வி. யார், எப்போது, எங்கே என்ற மூன்றும் திகதியோடு பெரிய எழுத்தில் இருந்தால் வெள்ளைப் பின்னணியே போதும்.

சொல்லாமல் சொல்லும் அடையாளம்

நோர்மன் 1988 இல் வெளியிட்ட நூலில் கதவுகளைப் பற்றி எழுதினார். தள்ள வேண்டிய கதவில் இழுக்கும் கைப்பிடி இருந்தால், எவ்வளவு படித்தவரும் இழுக்கத்தான் செய்வார். அதன்மேல் “தள்ளவும்” என்று எழுதி ஒட்ட வேண்டி வந்தால் கதவின் வடிவமைப்பு தோற்றுவிட்டது என்று பொருள்.

நல்ல அடையாளங்களைத் தேடி நாம் தூரம் போகத் தேவையில்லை. அறிமுகமில்லாத ஊரின் பள்ளிவாசலுக்குள் நுழைந்தாலும் கிப்லா எந்தப் பக்கம் என்று யாரிடமும் கேட்பதில்லை, மிஹ்ராப் சொல்லிவிடுகிறது. விரிப்பில் உள்ள கோடுகள் எங்கே நிற்பது என்று காட்டிவிடுகின்றன. சிறு பிள்ளையும் அந்தக் கோட்டில் வந்து நிற்கிறது. அதேபோல் புறக்கோட்டையில் சிங்களம் வாசிக்கத் தெரியாத ஒருவர் 138 என்ற இலக்கத்தைப் பார்த்து மஹரகம பஸ்ஸில் ஏறுகிறார்.

திரையிலும் இப்படித்தான் இருக்க வேண்டும். அழுத்தக்கூடியது அழுத்தக்கூடியதாகத் தெரிய வேண்டும். இன்று பல செயலிகளில் பொத்தானுக்கும் சாதாரண எழுத்துக்கும் வேறுபாடே இல்லை. மூன்று புள்ளிகளுக்குள்ளும் மூன்று கோடுகளுக்குள்ளும் முக்கியமான வேலைகளை ஒளித்து வைக்கிறார்கள். அந்தப் புள்ளிகளை அழுத்தலாம் என்று உம்மாவுக்கு யார் சொன்னது?

அழுத்தினால் பதில் வேண்டும்

வட்ஸ்அப்பில் ஒரு சரி அடையாளம் வந்தால் செய்தி போய்விட்டது, இரண்டு வந்தால் சேர்ந்துவிட்டது, நீலமானால் பார்த்தாயிற்று. 2014 இல் வந்த அந்த நீல நிறத்தை வைத்து எமது வீடுகளில் எத்தனை கோபதாபங்கள்! அவ்வளவு தெளிவாக அது விளங்குகிறது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. பணம் அனுப்பும் பொத்தானை அழுத்துகிறீர்கள். திரை அசையவில்லை. பணம் போய்விட்டதா, இல்லையா? மீண்டும் அழுத்தினால் இரண்டு தடவை போய்விடுமோ? அந்தப் பத்து விநாடிப் பயம் பலரை இணைய வங்கிச் சேவையிலிருந்தே விரட்டிவிடுகிறது. “உங்கள் பணம் அனுப்பப்படுகிறது, காத்திருங்கள்” என்ற ஒரு வரி போதும்.

பதில் வந்தாலும் அது உண்மையான பதிலாக இருக்க வேண்டும். 1979 மார்ச் 28 இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்தில், திறந்தபடி சிக்கிக்கொண்ட ஒரு வால்வு மூடிவிட்டதாக ஊழியர்கள் நம்பினார்கள். கட்டுப்பாட்டறையிலிருந்த விளக்கு, “மூடு” என்ற கட்டளை போனதை மட்டுமே காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாகக் குளிரூட்டும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. “விண்ணப்பம் அனுப்பப்பட்டது” என்று காட்டிவிட்டு, உண்மையில் எங்கும் பதியப்படாத படிவங்களும் இதே ரகம்தான்.

வாசிப்பவருக்காக மாறிய எழுத்து

எமது பாரம்பரியத்தில் இத்துறைக்கு மிகச் சிறந்த முன்மாதிரி அல்குர்ஆன் பிரதிகளின் எழுத்து வரலாறு என்று நான் கருதுகிறேன். ஆரம்பகாலப் பிரதிகளில் உயிர்க்குறிகள் இருக்கவில்லை. அரபு மொழியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது பிரச்சினையாகவும் இருக்கவில்லை. அரபியரல்லாதோர் பெருமளவில் இஸ்லாத்துக்குள் வந்தபோது ஓதுவதில் பிழைகள் ஏற்பட்டன. அபுல் அஸ்வத் அத்துஅலி நிறப் புள்ளிகளைக் குறிகளாக இட்டதாகவும், பின்னர் கலீல் இப்னு அஹ்மத் இன்று நாம் பாவிக்கும் ஹரகத் வடிவங்களை அமைத்ததாகவும் வரலாறு கூறுகிறது. இறைவசனத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அது வாசிப்பவரின் கண்ணைச் சென்றடையும் வழி இலகுவாக்கப்பட்டது.

மதீனாவின் மன்னர் பஹ்த் வளாகம் வெளியிடும், உத்மான் தாஹாவின் கையெழுத்தில் அமைந்த முஸ்ஹபைப் பாருங்கள். 604 பக்கங்கள், சாதாரணப் பக்கத்தில் 15 வரிகள், ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவோடுதான் முடிகிறது. பதிப்பு மாறினாலும் வசனம் இருக்கும் இடம் மாறுவதில்லை. மனனம் செய்யும் மாணவர் ஒரு வசனத்தை நினைவுபடுத்தும்போது, அது வலப்பக்கத்திலா இடப்பக்கத்திலா, மேலேயா கீழேயா என்பதும் அவர் மனக்கண்ணில் வருகிறது. இடம் மாறாமை என்பது ஞாபகசக்திக்குச் செய்யும் உதவி.

இதை மறந்துதான் சில செயலிகள் ஆறு மாதத்துக்கொரு தடவை “புதிய தோற்றம்” என்று சொல்லிப் பொத்தான்களை இடம் மாற்றுகின்றன. இளைஞருக்கு அது ஐந்து நிமிடக் குழப்பம். மூன்று மாதம் கஷ்டப்பட்டு ஒரு வழியைப் பழகிக்கொண்ட வாப்பாவுக்கோ மீண்டும் முதலிலிருந்து ஆரம்பம்.

எமது பெயருக்கு இடமில்லாத படிவம்

இணையப் படிவங்களில் “முதற் பெயர்”, “குடும்பப் பெயர்” என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டையும் நிரப்பியே ஆக வேண்டும். எம்மில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. வாப்பாவின் பெயர் முன்னால் வரும், அதையும் எம்.ஐ.எம். என்று முதலெழுத்துகளாகச் சுருக்கிவிடுவோம். படிவம் விடாப்பிடியாகக் கேட்பதால், ஒருவர் வாப்பாவின் பெயரை அங்கே இடுகிறார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டாகப் பிரிக்கிறார். பிறகு வங்கியில் ஒரு பெயர், விமானச் சீட்டில் இன்னொரு பெயர், கடவுச்சீட்டில் வேறொன்று என்று அலைச்சல். “முழுப் பெயர்” என்று ஒரே கட்டம் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான். பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும். 2016 இலிருந்து வழங்கப்படும் புதிய இலக்கத்தில் 12 இலக்கங்கள். இரண்டும் பாவனையில் உள்ளன. ஆனால் கடைசி எழுத்தைச் சிறிய எழுத்தாக இட்டதற்காக, “செல்லுபடியற்றது” என்று சிவப்பில் எழுதி விண்ணப்பத்தைத் தடுக்கும் தளங்கள் இருக்கின்றன. சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றுவது கணினிக்கு ஒரு நொடி வேலை. அதை மனிதரிடம் ஏன் சுமத்த வேண்டும்? தடுக்கத்தான் வேண்டுமென்றால், எது பிழை, எப்படித் திருத்துவது என்று தமிழில் சொல்ல வேண்டும்.

ஒரு படிவத்தின் வடிவம் எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு எமது தேர்தல்களே சாட்சி. 2024 செப்டெம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் சுமார் 3 இலட்சம், அளிக்கப்பட்டவற்றில் 2.2 சதவீதம். இரண்டு மாதங்கள்கூட முடியாமல் நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அது 6 இலட்சத்து 67 ஆயிரத்தைத் தாண்டியது, 5.6 சதவீதத்துக்கும் மேல். சில வாக்குகள் வேண்டுமென்றே பழுதாக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அதே மக்கள் இரண்டு மாதத்தில் அறிவு குறைந்துவிடவில்லை. முதலாவது சீட்டில் வேட்பாளரைத் தெரிவு செய்தால் போதும். இரண்டாவதில் முதலில் கட்சிக்கு அடையாளமிட்டு, பிறகு விரும்பினால் மூன்று வரையான விருப்பு இலக்கங்களைத் தேடி அடையாளமிட வேண்டும். படிகள் கூடும்போது பிழையும் கூடுகிறது.

பின்வரிசையில் நிற்பவருக்காக

தொழுகை நடத்துபவர் அதை நீட்டிக் கஷ்டப்படுத்தக் கூடாது, ஏனெனில் பின்னால் பலவீனரும் முதியவரும் அவசரத் தேவையுள்ளவரும் இருப்பார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வரிசையில் இருப்பவர்களில் ஆக இயலாதவரை வைத்தே அளவு தீர்மானிக்கப்படுகிறது. வடிவமைப்பாளர் ஒருவருக்கு இதைவிடச் சிறந்த அளவுகோலை நான் காணவில்லை.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் போதிய வேறுபாடு வேண்டும். இணையத்தளங்களுக்கான சர்வதேச வழிகாட்டல் குறைந்தது 4.5க்கு 1 என்கிறது. வெள்ளையில் மெல்லிய சாம்பல் நிறம் நாகரிகமாகத் தெரியலாம், வெயிலில் நிற்கும் முச்சக்கர வண்டிச் சாரதிக்குத் தெரியாது. தொடும் இடம் சுமார் 9 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை. பச்சை, சிவப்பு என்று நிறத்தால் மட்டும் செய்தி சொல்லக் கூடாது. நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியலாம்.

எமக்கு இன்னொரு சுமையும் உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழை இட்டால் பாதியில் வெட்டுப்படும். முகப்புப் பக்கத்துக்குச் செல்லும் பொத்தானில் “வீடு” என்று எழுதியிருக்கும் தளங்களையும் பார்க்கிறோம். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. தமிழ்ப் பக்கம் கடைசியில் ஒட்டப்படும் ஒரு மொழிபெயர்ப்பாக இருக்கக் கூடாது. முதல் வரைபடத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும்.

நன்றாகச் செய்த உதாரணமும் எம்மிடம் உண்டு. 2022 எரிபொருள் நெருக்கடியில் வந்த கியூ.ஆர். முறையை நினைத்துப் பாருங்கள். ஸ்மார்ட் போன் இல்லாதவரும் அந்தக் குறியீட்டைக் கடதாசியில் அச்சிட்டு எடுத்துப் போகலாம். வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலுக்கு வந்த மோட்டார் சைக்கிள்காரர் அந்தத் துண்டை நீட்டினால் போதும். சிக்கலான வேலை அவரிடமிருந்து எடுக்கப்பட்டு இயந்திரத்திடம் கொடுக்கப்பட்டது.

ஈரத்தை மறைத்த தானியம்

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், மேலே காய்ந்ததும் உள்ளே ஈரமானதும் இருப்பதைக் கண்டு கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. திரையிலும் இந்தக் குவியல் உண்டு. “ஆம்” என்பது பெரிய பச்சைப் பொத்தான். “வேண்டாம்” கண்ணுக்குத் தெரியாத சாம்பல் எழுத்து. நீங்கள் கேட்காத சேவைக்கு முன்கூட்டியே சரி அடையாளம் இடப்பட்டிருக்கும். சேர்வதற்கு ஒரு தொடுகை, விலகுவதற்குப் பத்துப் படிகள். இவற்றை இருண்ட வடிவங்கள் என்று ஹரி பிரிக்னல் என்பவர் 2010 இல் பெயரிட்டார். ரீலோட் செய்த பணம் காரணம் தெரியாமல் கழிந்ததைப் பலரும் அனுபவித்திருப்போம். ஸதகா சேகரிக்கும் தளத்தில்கூடப் பெரிய தொகையை முன்கூட்டியே தெரிவு செய்து வைப்பது முறையல்ல. கொடுப்பவரின் விருப்பம் அமானிதம்.

ஐந்து பேர் போதும்

இவற்றையெல்லாம் செய்ய பெரிய நிதி வேண்டுமே என்று பள்ளிவாசல் நிர்வாகிகள் கேட்கலாம். ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000 ஆம் ஆண்டிலேயே இதற்குப் பதில் சொன்னார்: ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும்.

செய்யும் முறை இலகுவானது. செயலியை ஊருக்கு அறிமுகப்படுத்த முன்னர் ஐந்து பேரை அழையுங்கள். நிர்வாக சபை உறுப்பினர்களும் கணினி படித்த மாணவர்களும் வேண்டாம். ஓர் உம்மா, ஒரு கடைக்காரர், மூக்குக் கண்ணாடி அணியும் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு சாரதி, சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய ஒரு சகோதரி. போனைக் கையில் கொடுத்து, “இந்த மாத சந்தாவைக் கட்டுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். கஷ்டமான பகுதி இதுதான். “அங்கே அழுத்துங்க” என்று சொல்ல நாக்குத் துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை முடிந்தது. நாளை அவர் வீட்டில் தனியாக இருக்கும்போது சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். அவர் எங்கே தயங்குகிறார், எதைத் தவறாக அழுத்துகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பே திருத்த வேண்டியவற்றின் பட்டியல்.

இத்துறையில் ஈடுபட விரும்பும் எமது பிள்ளைகள் வெளிநாட்டு வடிவமைப்புத் தளங்களைப் பார்ப்பது நல்லதே. அதோடு உம்மும்மாவின் பக்கத்தில் அமர்ந்து அவர் போன் பாவிப்பதையும் அரை மணித்தியாலம் பார்க்கட்டும். வீட்டிலிருக்கும் மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை உம்மா போனை நீட்டி “விளங்காது” என்று சொன்னால், பறித்துச் செய்து கொடுத்துவிடாதீர்கள். எந்த இடத்தில் விளங்கவில்லை என்று கேளுங்கள். அவர் விரல் காட்டும் அந்த இடத்தைப் படமெடுத்து, அந்தச் செயலியை உருவாக்கியவர்களுக்குத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். பத்துப் பேர் எழுதினால் இன்ஷா அல்லாஹ் யாராவது ஒருவர் அதைத் திருத்துவார்.